பொருள்: மேக்னடிக் பல்ஸ் கிரிம்பிங் மெஷின் முழு சார்ஜ் ஏறல, யாரும் வந்து பாக்கவும் இல்ல

சர்வீஸ் மேனேஜர் சார், வணக்கம்.

பினாங்கு பிறையில வொர்க்‌ஷாப் வெச்சிருக்கேன். உங்ககிட்ட வாங்குன, காந்த விசையால ட்யூப்ப சுருக்கி ராடோட இறுக்குற மெஷினப் பத்தி போன்ல பேசிப் பேசி தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு, அதான் இப்ப எழுத்துல. 10 கிலோவோல்ட் செட் பண்ணா மீட்டர் 7-லயே நின்னுடுது. வோல்டேஜ் 7-னா சார்ஜ சேத்து வெக்கிற கெப்பாசிட்டர்ல எனர்ஜி பாதிதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா? ராடு மேல மாட்டுற அலுமினிய ஸ்லீவ், அதான் அந்த ட்யூப், லேசா நெளியுது, அவ்ளோதான். ராடப் புடிச்சுத் திருகினா கையோட சுத்துது. இத எந்தக் கஸ்டமருக்குக் குடுக்க முடியும்?

உங்க ஹாட்லைன் ஆளு என்ன சொன்னார் தெரியுமா? "அலுமினியத்துல காந்தமே ஒட்டாது, அங்கிள். வேற பைப் மாத்திப் பாருங்க." சொல்லிட்டுச் சிரிச்சார், நான் பேசிட்டு இருக்கும்போதே போன கட் பண்ணிட்டார். சார், இந்த மெஷின் ஒட்டுறதுக்கா? காயில்ல திடீர்னு பாயுற கரண்ட் உள்ள இருக்குற அலுமினியத்துல எதிர்த்திசையில எடி கரண்ட்ட, அதாவது சுழல் மின்னோட்டத்த, உண்டாக்கும், ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளும், அந்தத் தள்ளுல ட்யூப் மைக்ரோசெகண்ட் கணக்குல சுருங்கி ராடக் கவ்விக்கும். 1960கள்ல இருந்தே நடக்குற வேலை இது. 10 கிலோஹெர்ட்ஸ் பல்ஸ்ல அலுமினியத்துக்குள்ள காந்த ஃபீல்ட் 0.8 மில்லிமீட்டர் போலத்தான் இறங்கும், என் ட்யூப் கனம் 1.5 மில்லிமீட்டர், ஃபீல்ட் அதத் தாண்டி பெருசா கசியாது, அப்ப பைப் மேல என்ன குத்தம்? ஸ்டெயின்லெஸ்னா ஒத்துக்குறேன், அதுல கரண்ட் சரியா ஓடாது, மேல செம்புத் தகடு சுத்தித்தான் அடிக்கணும். நான் அடிச்சது அலுமினியம், உங்க கேட்டலாக்ல போட்டிருக்க அதே அலுமினியம்!

அப்புறம் காயில். ட்யூப்ப தள்ளுற அதே விசை காயிலையும் வெளிய தள்ளும், அதுக்குத்தான ரெசின் போட்டு இறுக்கியிருக்கீங்க. காயில் ஒயர் வெளிய வர்ற இடத்துல அந்த ரெசின்ல முடி மாதிரி விரிசல் விட்டுருச்சு. "கொண்டு வாங்க, டெக்னீஷியன் இருப்பார்"னு சொன்னதால விடியறதுக்கு முன்னாடி வேன்ல ஏத்திக்கிட்டு டோல் கட்டி ஷா ஆலாம் வரைக்கும் வந்தேன். கவுண்டர்ல இருந்தவர் தலையக்கூட நிமிர்த்தல. டெக்னீஷியன் லீவாம், ஓவர்லோடாம், வாரன்டி கிடையாதாம். பெட்டியில நான் ஒட்டுன டேப்பக்கூட யாரும் பிரிக்கல! முழு சார்ஜே ஏறாத மெஷின்ல ஓவர்லோட் எங்கருந்து வரும் சார்?

கோவமா எழுதுறேன், மன்னிக்கணும். என் தொழிலே படுத்துருச்சு, இத்தன வருஷம் சம்பாரிச்ச பேரு மொத்தமா போச்சு.

இத மட்டும் லேசா எடுத்துக்காதீங்க: மெஷின ஆஃப் பண்ணப்புறமும் மீட்டர் ஜீரோவுக்கு வர மாட்டேங்குது, மிச்ச சார்ஜ வடிக்கிற ப்ளீட் ரெசிஸ்டர் போயிருக்கும்னு நினைக்கிறேன். அதக் கேட்டதுக்கும் அதே ஹாட்லைன் ஆளுதான், "ஸ்க்ரூடிரைவர வெச்சு ஷார்ட் பண்ணிடுங்க"ன்னார். என் பசங்க உயிரு சார் அது. அன்னையில இருந்து மெஷின் கிட்டயே யாரையும் விடல.

நல்ல முறையில கேக்குறேன், இந்த மாசக் கடைசிக்குள்ள விஷயம் தெரிஞ்ச இன்ஜினியர அனுப்புங்க, காயில் மாத்திக் குடுங்க, முடியலன்னா பணத்தத் திருப்பிக் குடுங்க. இல்லன்னா பாதுகாப்பு விஷயம் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜே.கே.கே.பி.க்குப் போகும், மிச்சத்த 1957 பொருள் விற்பனைச் சட்டத்த வெச்சு வக்கீல் பேசிக்குவார். ரசீது, மீட்டர் போட்டோ எல்லாம் இதோட வெச்சிருக்கேன். கடை காலையில 8 மணிக்குத் திறந்துடும், வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் அடிச்சிட்டு வாங்க.