41ஆம் வினாவிலிருந்து

திருக்கோவில்,
2025 செப்டெம்பர் 14

அன்பு மகளுக்கு,

நேற்றுக் கறையான் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக உன் அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவாக்கியபோது, உயர்தரப் பரீட்சைக்காகச் சென்ற ஆண்டு நீ செய்த கடந்தகால வினாத்தாள்கள் கட்டோடு என் கையில் அகப்பட்டன. மூன்று பாடங்களும் கலந்து கிடந்தவற்றில், நான் படிப்பிக்கின்ற இரசாயனவியலை மட்டும் பிரித்தெடுத்து, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் இருந்து பதினொரு தாள்களையும் பார்த்து முடித்தேன். கண்டதைத் தொலைபேசியில் சொன்னால் சரியாக விளங்காது என்பதால் எழுதுகிறேன்.

பல்தேர்வு வினாக்கள் ஐம்பதில் முதல் முப்பதிலும் உனக்குப் பெரிய சிக்கல் இல்லை. 31 முதல் 40 வரை அங்குமிங்குமாகத் தவறுகள் உண்டு. 41 முதல் 50 வரையான இடத்தில்தான் என் கண் நின்றுவிட்டது. அங்கே ஒவ்வொரு வினாவிலும் இரண்டு கூற்றுகள்; இரண்டும் உண்மையாக இருந்து, இரண்டாவது முதலாவதை விளக்கினால் விடை 1, விளக்காவிட்டால் விடை 2. பதினொரு தாள்களிலும் சேர்த்து அந்தப் பகுதியில் 110 வினாக்கள். அவற்றில் 47 பிழை. அந்த 47இல் 29 ஒரே பிழை. விடை 2 ஆக இருக்கவேண்டிய இடத்தில் நீ 1ஐத் தெரிவுசெய்திருக்கிறாய். இரண்டு கூற்றுகளும் உண்மை என்பதை நீ சரியாகவே கண்டுகொண்டாய். இரண்டாவது கூற்று முதலாவதை விளக்குகிறதா என்று மட்டும் கேட்கவில்லை. ஊக்கி தாக்கவீதத்தைக் கூட்டும் என்பது முதற் கூற்றாகவும், தாக்கத்தின் முடிவில் ஊக்கி இரசாயன மாற்றமின்றி எஞ்சும் என்பது இரண்டாவது கூற்றாகவும் இருந்தால், இரண்டும் உண்மைதான். ஆனால் எஞ்சி நிற்பதால் வீதம் கூடவில்லை. தாக்கம் நடக்கத் தேவைப்படும் ஏவற்சக்தி குறைந்த வேறொரு பாதையை ஊக்கி திறந்துவிடுவதால்தான் கூடுகிறது. இது உனக்குத் தெரியாத பாடமல்ல, மகள். உன் குறிப்புக் கொப்பியில் உன் கையெழுத்திலேயே இருக்கிறது.

இதைப் பார்த்தபோது உன்னைவிட என்மீதே எனக்கு வருத்தம் வந்தது. அந்தத் தாள்கள் எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் திருத்தியவள் நான். பிழைக்கு மேல் சரியான இலக்கத்தை எழுதி, தலைப்பில் புள்ளியைப் போட்டு உன்னிடம் தந்தேன்; நீ புள்ளியைப் பார்த்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாய். ஏன் பிழைத்தது என்று நீயே தேடவேண்டிய நேரத்தை, உதவி செய்வதாக நினைத்து நான் உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். ஒரே பிழை 29 தடவை வந்தும் நம் இருவருக்கும் தெரியாமற்போனது அதனால்தான்.

நீ இப்போது ஒரு நாளைக்கு மூன்று தாள் செய்வதாகச் சின்னம்மா பெருமையாகச் சொன்னாள். எனக்கு அது மகிழ்ச்சி தரவில்லை. மூன்று நாளைக்கு ஒரு தாள் போதும். காலை 8.30க்கு, பரீட்சை மண்டபத்தில் இருப்பதைப் போலவே மேசையில் கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார். கைத்தொலைபேசி சின்னம்மாவிடம் இருக்கட்டும். பரீட்சையில் கணிப்பானுக்கு அனுமதி இல்லாததால், வீட்டிலும் பெருக்கலையும் பிரித்தலையும் கையாலேயே செய். இரண்டு மணித்தியாலத்தில் ஐம்பது வினா என்றால் ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட முழுதாக இல்லை. ஆகையால் தடக்குகிற வினாவைக் குறித்துவைத்துவிட்டு நகர்ந்துவிடு, பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை என்பதால் கடைசியில் ஒன்றையும் வெறுமையாக விடாதே. இரண்டாம் தாளுக்குத் தரும் பத்து நிமிட வாசிப்பு நேரத்தை, பகுதி ஆ, பகுதி இ ஒவ்வொன்றிலும் மூன்று வினாக்களில் எந்த இரண்டை எழுதுவது என்று தீர்மானிப்பதற்குப் பழகிக்கொள். சென்ற வருடம் எழுதத் தொடங்கிய பிறகு வினாவை மாற்றி நீ இழந்த நேரம் உனக்கு நினைவிருக்கும்.

அடுத்த இரண்டு நாட்களும் திருத்துவதற்கு. பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும், சரியான விடையை அல்ல, நீ எதை நினைத்து அந்த விடையைத் தெரிவுசெய்தாய் என்பதை ஒரு கொப்பியில் எழுது. கட்டுரை வினாக்களைப் புள்ளித்திட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்; அலகு இல்லாமலும், சமன்பாட்டில் பௌதிக நிலை குறிக்காமலும் நீ விட்ட இடங்கள் உனக்கே தெரியும்.

நம் அம்பாறை மாவட்டத்துக்குப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி குறைவு என்று ஆட்கள் சொல்வதைக் கேட்டு ஆறுதல் அடைந்துவிடாதே. பல்கலைக்கழக இடங்களில் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40 வீதமும், மாவட்ட அடிப்படையில் 55 வீதமும், கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென 5 வீதமும் ஒதுக்கப்படுகின்றன; அம்பாறையும் மட்டக்களப்பும் அந்தப் பதினாறில் உள்ளன. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் உன்னோடு நிற்பவர்கள் உன் வகுப்புப் பிள்ளைகளும் அக்கரைப்பற்று, கல்முனைப் பிள்ளைகளும்தானே. அவர்களும் இதே தாள்களைத்தான் செய்கிறார்கள். மூன்று பாடங்களிலும் மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படும் இசட் புள்ளிகளின் சராசரியைக் கொண்டு தரப்படுத்தும்போது, அந்தப் பத்து வினாக்களில் நீ இழக்கின்ற நான்கு ஐந்து வினாக்கள் உன்னை எத்தனையோ பேருக்குப் பின்னால் தள்ளிவிடும்.

2024 நவம்பர் 25இல் தொடங்கிய பரீட்சை, வெள்ளத்தால் இடையில் நின்று டிசம்பர் 4இல் மீண்டும் ஆரம்பித்தபோது நீ எவ்வளவு குழம்பிப்போனாய் என்பதை நான் மறக்கவில்லை. இம்முறை நவம்பர் 10 என்றாலும் அதுவும் மாரிதான். மழையை நாம் நிறுத்த முடியாது. பரீட்சை நின்று தொடங்கினாலும் விட்ட இடத்திலிருந்து எடுக்க உன் பிழைக் கொப்பி கையில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை அப்பா கல்லடிக்கு வரும்போது நீ இன்னும் பார்க்காத மூன்று தாள்களைக் கொண்டுவருவார். புள்ளித்திட்டங்களைத் தனி உறையில் ஒட்டிச் சின்னம்மாவின் பெயர் எழுதியிருக்கிறேன். தாளை முழுதாக எழுதி முடித்த பிறகுதான் உறையைத் தருமாறு அவளிடம் சொல்லியிருக்கிறேன். திருத்துவது நீ; நான் சிவப்புப் பேனையைத் தொடமாட்டேன். கொப்பியின் முதற் பக்கத்தை மட்டும் அப்பாவிடம் கொடுத்துவிடு, நான் வாசிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா