நின்னுட்டு வீல்சேர் கேட்டா ஏமாத்துங்களா?

ஆசிரியருக்கு வணக்கமுங்க.

போன வாரம் ஏர்போர்ட் கூட்டத்தப் பத்தி நீங்க போட்ட கட்டுரைல, நல்லா நடமாடறவங்களே க்யூவுக்கு டிமிக்கி குடுக்க வீல்சேர் கேக்கறாங்கன்னு ஒரு வரி வந்துச்சுங்க. எழுதுன தம்பி நல்லா இருக்கட்டும், அவருக்கு முட்டி நல்லா இருக்குதுன்னு மட்டும் தெரியுது.

எனக்கு முடக்குவாதமுங்க. வயசானா வர்ற தேய்மானம் இல்ல, ஒடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டுச் சவ்வத் தாக்கற வியாதி, ஆம்பளைங்களவிட பொம்பளைங்களுக்குத்தான் நெறையா வருது, உங்களுக்குத் தெரியாததா, டாக்டர் பேட்டியெல்லாம் நீங்கதான போடறீங்க. காத்தால எந்திரிச்சா வெரல் மடங்காது, கால் ஊனவே ரொம்ப நேரமாகும், மத்தியானம் பாத்தா அதே நான் கோயல் படி ஏறிட்டிருப்பேன். ரெண்டும் நெசந்தானுங்க, ஆனா வெளிய பாக்கறவங்களுக்கு மத்தியானத்து நான் மட்டுந்தான் தெரியும். கோபில இருந்து விடியாம கெளம்பி கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு ரெண்டு மணி நேரம் மடக்குன கால் மடக்குனபடியே வந்து எறங்கிப் பாக்கோணும், அப்பத் தெரியும்.

எந்த ஏர்போர்ட்டுன்னு சொல்லல, ஒரு கவுண்டர்ல வீல்சேர் கேட்டா அந்தப் பொண்ணு மேலயும் கீழயும் பாத்துப்போட்டு "நிக்கறீங்களே ஆன்ட்டி"ங்குது. ஏனுங்க, கவுண்டர அத்தன ஒசரத்துல கட்டி வெச்சா நின்னுதான கேக்கோணும்? அப்பறமா ஒரு தம்பி வந்து தள்ளிட்டுப் போயி, கல்யாண ஊட்ல சுருட்டி சாத்தி வெச்ச பாயாட்டம் செவுத்தப் பாத்தாப்புல நிறுத்திப்போட்டு போயிட்டாப்ல, கேட் நம்பர் போர்டு என்ற முதுகுக்குப் பின்னால.

ஏரோப்ளேன் கம்பெனிகள மேப்பார்வை பாக்கற அரசாங்க அமைப்பு டி.ஜி.சி.ஏ. விதிலயே ஊனம் மட்டுமில்ல, வயசு, நோய், வேற எந்தக் காரணத்தால நடமாட்டம் கொறஞ்சாலும் உதவி உண்டுன்னு இருக்குதுங்க. ஏர்லைன்ஸ்காரங்க கோடுலயும் டபிள்யூ.சி.எச்.ஆர்.னா படி ஏறுவாங்க ஆனா தூரம் நடக்க முடியாது, டபிள்யூ.சி.எச்.எஸ்.னா படியும் ஏற முடியாது, டபிள்யூ.சி.எச்.சி.னா சீட்டு வரைக்கும் கொண்டு போயி உக்கார வெக்கோணும். எந்திரிச்சு நிக்கறவங்களுக்குன்னே ஒரு வகை வெச்சிருக்கறப்ப அதக் கேக்கறவ எப்படிங்க ஏமாத்துக்காரி ஆவா? ஏமாத்தறவங்க இல்லவே இல்லைன்னு நான் சொல்ல வரல, மூஞ்சியப் பாத்து கண்டுபுடிக்க முடியாதுங்கறேன். 2024 பிப்ரவரில மும்பை ஏர்போர்ட்ல வீல்சேர் பத்தாம நடந்து போன 80 வயசுப் பெரியவர் விழுந்து செத்துப்போனாரு, அவரு வந்த ஏர் இந்தியா கம்பெனிக்கு 30 லட்சம் ரூபா அபராதம் போட்டாங்க, இது உங்க கட்டுரைல ஒரு வரி கூட இல்ல.

இதென்ன ஏர்போர்ட்டோட முடியுதுங்களா. டவுன் பஸ்ல முதல் படி இடுப்பு ஒசரம், மண்டபத்துல பந்தி எப்பவும் மாடில, பேங்க்ல வெரல் கோணிப்போயி கையெழுத்து மாறிடுச்சுன்னா நீங்க நீங்கதானான்னு கேக்கறாங்க. பஸ் படியப் பத்தி முன்னாடியே உங்களுக்கு எழுதுனனுங்க, அதே கோணக் கையெழுத்துல. போடல. அந்த வாரம் யாரோ நடிகையோட நாய்க்குட்டி அரைப்பக்கத்துக்கு வந்திருந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு நாய்க்குட்டி.

மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாமுங்க, பெரிய பத்திரிகை, நாங்க படிக்கறவங்கதான. ஒரு சின்னக் கட்டம் போடுங்க போதும். டிக்கெட் போடறப்பவே உதவி வேணும்னு சொல்லிப்போடோணும், இல்லாட்டி 48 மணி நேரம் முன்னாடியாவது சொல்லோணும், படி ஏற முடியுமா முடியாதான்னு தெளிவா சொல்லோணும், சொன்னது டிக்கெட்ல பதிஞ்சிருக்கான்னு கேட்டுக்கோணும். எழுத்த மட்டும் கொஞ்சம் பெருசாப் போடுங்க, உங்க ராசிபலன் சைசு இருந்தாக்கூட பரவால்ல.

இப்படிக்கு,
கோபிசெட்டிபாளையத்துல இருந்து உங்க பழைய வாசகி