பராக்குக்காரி என்று திருப்பி அனுப்பாதீர்கள்

வன்னியின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு முன்பள்ளி ஆசிரியை. எங்கள் பக்கத்து வளவில் 17 வயதுத் தாய் ஒருத்தி இருக்கிறாள். மகனுக்குப் பத்து மாதம். ஒன்பதாம் மாத ஊசிக்குப் போன அன்று பிள்ளையின் பதிவேட்டை வீட்டில் மறந்து விட்டுவிட்டாள். "பிள்ளை பெறத் தெரிஞ்சுது, கொப்பி கொண்டு வரத் தெரியேல்லையோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். வெயிலுக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவள், இனிக் கிளினிக் பக்கமே போக மாட்டேன் என்று நிற்கிறாள்.

யாரையும் மாட்டிவிட இதை எழுதவில்லை. ஒரு குடும்பநல மிஸ் எத்தனை கிராமம் ஏறி இறங்குகிறா என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையின் முற்றத்தை ஒருநாள் நின்று பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முற்றம் அரைவாசி கூட்டிக் கிடந்தது, விளக்குமாறு நடுவில். கொடியில் இரண்டு துணி, மிச்சம் வாளிக்குள் நனைந்தபடி. அடுப்பில் பிள்ளைக்கு வைத்த கஞ்சி அடிப்பிடித்து மணத்தது. அவள் வீட்டுக்குள் இரும்புச்சத்துக் குளிசை தேடிக்கொண்டிருந்தாள். மகன் தவழ்ந்து தவழ்ந்து கிணற்றடிக்குப் போய்விட்டான். கட்டு உயரமில்லாத கிணறு. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அவள் வெளியே வந்து பார்த்தவுடன் அப்படியே நிலத்தில் இருந்து அழத் தொடங்கினாள். "எல்லாம் தொடங்கிறன் ரீச்சர், ஒண்டும் முடியுதில்லை" என்றாள். இந்தப் பிள்ளையையா அக்கறையில்லாதவள் என்கிறோம்?

அவள் நாலு வயதில் என்னிடம் படித்தவள். படத்துக்கு நிறம் தீட்டத் தொடங்குவாள், பாதியில் விட்டுவிட்டு யன்னலால் மழை பார்ப்பாள். குழப்படி இல்லாத பிள்ளை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. "பராக்குக்காரி" என்று நானும்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அதுவே அவளுக்குப் பெயராகி, ஒன்பதாம் வகுப்போடு படிப்பும் நின்றது. அந்தச் சொல்லை நான் சொன்னது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, அதாவது ஏடிஎச்டி, ஓடித்திரிகிற ஆண்பிள்ளைகளின் பிரச்சினை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். பெண்பிள்ளைகளில் அது பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும்: மறதி, கனவு காண்பது, தொடங்கியதை முடிக்க முடியாமை. 12 வயதுக்கு முன்னரே அடையாளம் தெரிந்திருக்கும், வளர்ந்த பிறகும் பலருக்கு விடாது. சுவீடனில் 2007 முதல் 2014 வரை முதற்பிள்ளை பெற்ற பெண்களின் பதிவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். ஏடிஎச்டி உள்ளவர்களில் நூற்றுக்கு 15 பேர் பதின்ம வயதில் தாயாகியிருந்தார்கள். இல்லாதவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. எங்கள் கிளினிக் வாங்கில் இருக்கிற சின்னத் தாய்மாரில் எத்தனை பேருக்கு இது இருக்கும் என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. இன்றைக்கு 17, 18 வயதில் இருக்கிற வன்னிப் பிள்ளைகள் 2007, 2008, 2009 ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். போர்க்காலத்தில் பங்கருக்குள்ளும், இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமின் கூடாரத்துக்குள்ளும் சுமந்து பெற்ற தாய்மாரின் பிள்ளைகள். குறைமாதத்தில் பிறப்பதும் நிறை குறைந்து பிறப்பதும் கவனக் குறைபாட்டுக்கான வாய்ப்பைக் கூட்டும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவளுக்கு இதுதான் நோய் என்று நான் சொல்லவில்லை, அது என் வேலையுமில்லை. நித்திரையில்லாத தாய்க்கும் மறதி வரும். இரத்தச்சோகை, பிள்ளை பெற்றபின் வரும் மனச்சோர்வு, வீட்டில் அடி, எல்லாமே கவனத்தைச் சிதறடிக்கும். அதனால்தான் பார்க்கச் சொல்லிக் கேட்கிறேன். ஏசினால் இதில் எது என்று ஒருநாளும் தெரியவராது. பிள்ளை பசிக்கு அழுகிறதா, நித்திரைக்கு அழுகிறதா என்று பிரித்தறியவே தாயின் கவனம் வேண்டும். அது சிதறிப்போனால் பிள்ளைக்கு ஒருநேரம் கொஞ்சலும் ஒருநேரம் அடியும் விழும். பிறகு அந்தப் பிள்ளை எங்கள் முன்பள்ளிக்குத்தான் வரும். இந்தக் குறைபாடு பரம்பரையாகவும் வரக்கூடியது. அதனால் இப்போது தாயைக் கவனித்தால் பிள்ளையையும் நேரத்தோடு கவனிக்கலாம்.

நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். சின்ன வயதில் தாயானவள் எதையாவது மறந்து வந்தால், "பள்ளிக்கூடத்திலயும் இப்பிடித்தானா பிள்ளை?" என்று ஆறுதலாக ஒரு கேள்வி கேளுங்கள். ஓம் என்றால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குத் துண்டு எழுதிக் கொடுங்கள். அங்கே போவதென்றால் விசர்ப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்று வீட்டார் பயப்படுவார்கள், அதனால் அம்மம்மாவையும் கூப்பிட்டு வைத்துப் பேசுங்கள். பத்து அறிவுரையை ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று, அதையும் செய்து காட்டி. அடுத்த திகதியைக் கொப்பியில் எழுதுவதோடு விடாமல் அவளுடைய போனிலும் அலாரம் வைத்துவிடுங்கள்.

அவளோடு பேசிப் பேசி ஒருமாதிரிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். வருகிற கிளினிக்குக்கு நானும் கூட வருவேன். கொப்பி என்னுடைய பையில்தான் இருக்கும். அதற்கடுத்த முறை அவள் தனியாக வருவாள், கொப்பியை மறந்தும் வரலாம். அப்போதும் ஊசியைப் போட்டு விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்பள்ளி ஆசிரியை