இதோடு ஒரு ஜெராக்ஸ்

அன்புள்ள முருகேசா,

நாலு மாசமாக உன் போனை எடுக்காதது கோபத்தால் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், ரசம் சோறு இறங்குகிறது. நம் தவளை மணி அம்மாவைப் பார்க்க வந்திருந்தான். அதே பேச்சுதான், அம்மா அந்த நிலைமையிலும் சிரித்தாள். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இடுப்பெலும்பு ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஐந்தாம் நாள் குளிர்சுரம். சிறுநீருக்குப் போட்ட டியூப் வழியாகக் கிளெப்சியெல்லா என்ற கிருமி ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது. எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று சோதித்த கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நேரே 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. ரெசிஸ்டன்ட், அதாவது அந்த மருந்துக்குக் கிருமி சாகாது. மற்றவை கேட்காதபோது கொடுக்கும் மெரோபெனமும் கேட்காது. மிச்சம் இருந்தது கொலிஸ்டின், கிட்னியைக் கெடுக்கக்கூடிய பழைய மருந்து. கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் தினமும் எவ்வளவு என்று லேப் வாசலில் நின்றேன். அந்தக் கொலிஸ்டினைத்தான் சதை பிடிக்கட்டும் என்று கோழித்தீவனத்தில் கலந்திருக்கிறார்கள், மாப்ள! 2019இல்தான் தடை வந்தது.

ராத்திரியெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்து இந்த மாதிரிக் கிருமிகளைப் பற்றியே படித்தேன். டெல்லியில் தெருவில் தேங்கிய 171 தண்ணீர் மாதிரிகளைச் சோதித்து, 51இல் என்டிஎம்-1 மரபணு இருந்ததாக 2011இல் எழுதியிருக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் 50இல் இரண்டு. மெரோபெனத்தையே முறித்துப்போடும் மரபணு அது. ஒரு கிருமி இன்னொரு சாதிக் கிருமிக்கு அதைக் கைமாற்றிவிடும். காலராக் கிருமியிலும் வயிற்றுக்கடுப்புக் கிருமியிலும்கூட அங்கே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியைக் கழுவிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

இனி உன் மருந்துக்கடை. சளி என்று வந்தால் அசித்ரோமைசின் மூணு, காய்ச்சல் என்றால் செஃபிக்சிம் நாலு, அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பாய். அம்மாவுக்கு எத்தனை தடவை அப்படி வாங்கிப் போயிருக்கிறேன்! நான் கேட்டேன், நீ கொடுத்தாய். சளி வைரஸ்; பாக்டீரியாவைக் கொல்லும் அந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. அதில் வயிற்றிலுள்ள எளிய கிருமிகள் செத்து, தாக்குப்பிடிப்பவை பெருகும். செஃபிக்சிம் அரசாங்கத்தின் எச்-ஒன் என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கிறது. 2014இலிருந்து டாக்டர் சீட்டைப் பார்த்து நோட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான்.

எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்பாய். போகட்டும்டா. உன் கையால் வேண்டாம்.

ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து, அம்மா பெயரை மறைத்து இதோடு வைத்திருக்கிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டு. சீட்டில்லாமல் வந்து நிற்கிறவர்களுக்கு அந்த 'ஆர்' வரிசையைக் காட்டு. தை பிறந்ததும் அம்மாவோடு வருகிறேன், ஒட்டியிருக்கிறாயா என்று பார்ப்பேன்.

அன்புடன்,
செல்வம்