டிஸ்க்கை மாற்றும் முன் ஹப்பைப் பார்

அன்பு மகனுக்கு,

உன் லோடு வண்டிக்குப் புது பிரேக் டிஸ்க், அதான் சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மறுபடியும் பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது என்றாய். மலைப்பாதையில் பர்லியாறில் வண்டியை ஓரங்கட்டி நீ பேசியும் பாதியில் சிக்னல் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டவும் வசதி.

‘டிஸ்க் பெண்டு, மாத்திடலாம்’ என்று திரும்பவும் சொல்வார்கள். அவசரப்பட்டு மாற்றிவிடாதே கண்ணு. கோவை கணபதியில் இத்தனை வருடம் லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டியதில், நிஜமாகவே வளைந்துபோன டிஸ்க் என் கைக்கு வந்தது அபூர்வம். பெரும்பாலும் தேய்மானம்தான், அதுவும் சீராக இல்லாத தேய்மானம். ஓரிடத்தில் தடிமன் கூட இருக்கும், இன்னோரிடத்தில் குறைந்திருக்கும். 15, 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வித்தியாசம் போதும், பெடல் காலைத் தட்ட ஆரம்பித்துவிடும்.

இந்தத் தேய்மானம் வருகிற விதத்தைப் புரிந்துகொண்டால் உன் வண்டிக் கோளாறு பாதி பிடிபட்டுவிடும். டிஸ்க், ஹப்பின் மேல், அதாவது டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதியின் மேல், துளி சாய்ந்து உட்கார்ந்துவிட்டது என்று வை. அன்றைக்கே உதறாது. காலிப்பர், அதாவது டிஸ்க்கின் இருபுறமும் பேடு என்ற உரசு கட்டைகளை அழுத்தும் கவ்வி, பின் கம்பியில் நகரக்கூடியது, அந்தச் சாய்வுக்கு ஏற்ப அதுவும் ஆடிக் கொடுக்கும். ஆனால் நீ பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதும், டிஸ்க்கின் எட்டி நிற்கும் பக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் பேடை உரசிக்கொண்டே போகும். உரசும் இடம் மட்டும் மெலியும். சில ஆயிரம் கிலோமீட்டர் போன பிறகு உதறல் ஆரம்பிக்கும். புதிதாகப் போட்டதும் நன்றாக ஓடி, பிறகு திரும்பி வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். புது டிஸ்க்கைப் போட்டாலும் அதே சாய்வில்தானே உட்காரும்?

டிஸ்க்கைக் கழற்றும் முன், உதறல் முன் சக்கரத்திலா பின் சக்கரத்திலா என்று தெரிந்துகொள். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க். ஸ்டீயரிங் சும்மா இருந்து சீட்டும் முதுகும் அதிர்ந்தால் பின் சக்கர பிரேக் டிரம்மைச் சந்தேகப்படு. உன் வண்டியில் ஹேண்ட் பிரேக் பின் டிரம்மில்தான் பிடிக்கிறது. ஆள் இல்லாத சமரோட்டில், லோடு இல்லாமல், 40 வேகத்தில் போய், பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்துப் பார். அதிர்ந்தால் டிரம் கோணியிருக்கிறது. பிரேக்கே தொடாமல் 80-இல் ஆடினால் அது வீல் பேலன்சிங், டயர் சமாச்சாரம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

நீ சொல்வதைப் பார்த்தால் முன்பக்கம்தான். டிஸ்க்கைக் கழற்றியதும் முதலில் ஹப் முகத்தைப் பார்க்கச் சொல். அங்கே துரு செதில் செதிலாக நிற்கும். ஊட்டி ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஹப்பில் 0.05 மில்லிமீட்டர் துரு மேடு இருந்தால், டிஸ்க்கின் வெளிவிளிம்பில் அது இரண்டு மடங்காகத் தெரியும். வயர் பிரஷ், எமரி போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்க்க வேண்டும். சும்மா துணியால் துடைத்துவிட்டு மாட்டுகிற பட்டறையில் வேலை கொடுக்காதே. டிஸ்க்கின் உள்முகத்தையும் அதேபோல் சுத்தம் செய்யணும்.

அப்புறம் டிஸ்க்கை நட் போட்டு இறுக்கி, வெளிவிளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் கருவி) வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்க்கட்டும். ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது, 0.1 தாண்டினால் விடக்கூடாது. தாண்டினால், உயரமான இடத்தைச் சாக்பீஸால் டிஸ்க்கிலும் ஹப்பிலும் குறித்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி ஓரிரு போல்ட் ஓட்டை தள்ளி மாட்டிப் பார்க்கணும். உயரம் டிஸ்க்கோடு நகர்ந்தால் டிஸ்க் கோளாறு. ஹப்போடு அங்கேயே நின்றால் ஹப் அல்லது பேரிங் கோளாறு. பேரிங்கில் ப்ளே, அதாவது தளர்வு, இருக்கிறதா என்று இதற்கு முன்பே பார்த்துவிடுவது உத்தமம். டயல் கேஜ் இல்லை என்று சொன்னால் என்னுடையதை எடுத்துப் போ, பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது.

வீல் நட்டை ஏர் கன் வைத்து டர்ரென்று இறுக்குகிறார்களே, அதுவும் ஆகாது. ஒரு நட் அதிகம், ஒரு நட் குறைவு என்று இழுத்தால் டிஸ்க் கோணிக்கொள்ளும். எதிரெதிராக மாற்றி மாற்றி, கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கணும். பஞ்சர் கடையிலும் இதையேதான் கேட்கணும், சிரித்தால் சிரிக்கட்டும். காலிப்பர் பின் கையால் தள்ளினால் வழுக்கிப் போகிறதா, உள்பேடும் வெளிப்பேடும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்.

இனி நீ ஓட்டும் விதம். ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 325. கேரட் மூட்டையோடு 3 டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கினால் எவ்வளவு சூடு என்று பாப்பாவைக் கணக்குப் போடச் சொன்னேன். ஏறக்குறைய 190 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்குமாம். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் பிடிக்காவிட்டால் பிரேக்தான் வாங்கணும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் பேச்சைக் கேட்காதே, அவர்கள் உன் டிஸ்க்குக்குக் காசு தரப்போவதில்லை.

மலை இறங்கிய சூட்டோடு கல்லாறு செக்போஸ்டில் நிற்கும்போது பிரேக்கை அழுத்தியபடியே நிற்காதே. சூடான பேடு அதே இடத்தில் டிஸ்க்கில் ஒட்டிப் படிந்துவிடும். தடிமன் வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு வழி. நிற்க வேண்டியிருந்தால் சமதரையில் எஞ்சினை நிறுத்தி கியரில் போட்டு, காலை எடுத்துவிட்டு டயருக்குக் கல் வை. சூடாக இருக்கும்போது ஹேண்ட் பிரேக்கையும் இறுக்கி விட்டுவிடாதே, டிரம்முக்கு ஆகாது.

இப்போது இருக்கிற டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. விளிம்பில் குறைந்தபட்ச தடிமன் அச்சடித்திருக்கும். அதற்கு மேல் மிச்சம் இருந்தால் லேத்தில் ஒரு மெல்லிய கட் ஓட்டிக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது இரண்டையும், இடது வலது எழுதி, பேடோடு எடுத்து வா. அம்மாவுக்குப் பீட்ரூட் வேண்டாமாம், பீன்ஸ் போதும்.

அன்புடன்,
அப்பா