பவளங்களுக்கு இடைவெளி விடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

செம்பனைக் கன்றுகளை 9 மீட்டர் தள்ளித் தள்ளி நடுகிறார்கள். நடும்போது இடம் வீணாவதுபோல் தெரியும். மட்டை விரிந்த பிறகுதான் கணக்கு புரியும். உயிருள்ள பவளம் (கோரல்) வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியிலும் அதே கணக்குதான். இரண்டு விரல் அளவுப் பவளத் துண்டை வாங்கி, காலியாகத் தெரியும் இடத்தில் ஒட்டிவிடுகிறோம். வளர்ந்ததும் அடிதடி.

"தண்ணீர் சரியாத்தான் இருக்கு, கோரல் ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப் போச்சு" என்றால், அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். டார்ச், கலாக்ஸியா என்னும் இரண்டு பவள வகைகளும் பகலில் காட்டாத நீண்ட இழைகளை இரவில் நீட்டும். நூல்போல மெலிதாக, நுனியில் வெள்ளைக் குமிழோடு நீரோட்டத்தில் அலையும். அவை பட்ட இடத்தில் சதை உரிந்து எலும்பு தெரியும். டார்ச்சைச் சுற்றி 15 சென்டிமீட்டர், கலாக்ஸியாவைச் சுற்றி ஓர் அடி விடுங்கள். நீரோட்டம் போகும் பக்கம் இன்னும் கூடுதலாக. ஹாமர், ஃபிராக்ஸ்பான் என்னும் பவளங்கள் ஒன்றோடொன்று பெரும்பாலும் ஒத்துப்போகும். டார்ச்சை அவற்றோடு சேர்க்காதீர்கள்.

லெதர் கோரல் என்னும் மென்பவளத்துக்கு இந்த இடைவெளி போதாது. அது தண்ணீரிலேயே நஞ்சைக் கலக்கும். தொட்டியின் மறுகோடியில் இருக்கும் அக்ரோபோரா என்னும் கிளைப்பவளம்கூட வளராமல் நிற்கும். 100 லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி ஆக்டிவேட்டட் கார்பன் (நஞ்சை உறிஞ்சும் கரி) போட்டு, 3 வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதுவரை போடாதவர்கள் பாதி அளவில் தொடங்குங்கள். தண்ணீர் திடீரென்று தெளிந்தால் வெளிச்சம் கூடி, பவளம் வெளுக்கும்.

தட்டுபோல் விரியும் மொன்டிபோரா பவளம் கொட்டிக் கெடுப்பதைவிட, நிழல் விழுத்தியே கீழுள்ளதைக் கெடுக்கும். பவளக் கிளைகள் நெருங்கினால் நடுவில் நீரோட்டம் செத்துவிடும், கசடு தங்கும், அடிப்பகுதி சதை உரியத் தொடங்கும். பவர்ஹெட்டை (நீரோட்டம் தரும் பம்பு) கூட்டுவதைவிடக் கிளைகளை வெட்டுவதே நல்லது. சோவாந்திட் என்னும் நச்சுள்ள பொத்தான் போன்ற உயிரி ஒட்டிய கல்லை வெட்டும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அந்தக் கல்லை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். அதன் நஞ்சு ஆவியோடு மூச்சில் ஏறி ஆளையே மருத்துவமனைக்கு அனுப்பும்.

தொட்டியில் பவளம் பெருகப் பெருக, அவை எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் ஆல்கலினிட்டியும் (தண்ணீரின் காரத்தன்மை, அளவு டிகேஎச்) வேகமாகக் குறையும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். நேற்று 8.5, இன்று 7.9 டிகேஎச் என்றால் ஒரு நாள் செலவு 0.6. சமையல் சோடா 3 கிராம், 100 லிட்டரில் ஏறக்குறைய 1 டிகேஎச் கூட்டும். ஆக 200 லிட்டர் தொட்டிக்கு 3.6 கிராம். ஆர்ஓ (வடிகட்டிச் சுத்தமாக்கிய) தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

புதுத் துண்டு வாங்க வருமுன் தொட்டியை மேலிருந்து ஒரு படம் எடுத்து வாருங்கள். இடமில்லை என்றால், முதலில் எதை வெட்டலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
கடையினர், சுங்கை சிப்புட்