நூறு வெள்ளிப்பணம் சின்னத் தொகையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்தவ வாழ்வில் இரக்கம் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ஏழைக்கு உதவுவதோடு கட்டுரையாளர் இரக்கத்தை முடித்துக்கொண்டார். நமக்குக் கெடுதல் செய்தவனிடம், நம் பணத்தை விழுங்கியவனிடம் காட்டவேண்டிய இரக்கத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார்.

நான் 32 வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். பைபிளில் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையையும் அந்தக் கண்ணோடுதான் படிப்பேன். ராஜா தன் வேலைக்காரன் ஒருவனின் பதினாயிரம் தாலந்து கடனைத் தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்தவன் நூறு வெள்ளிப்பணத்துக்காகச் சக வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். பிரசங்கங்களில் இந்த நூறை ‘அற்பக் காசு’ என்றே கேட்டு வளர்ந்தேன். அது தப்பு. அந்தக் காலத்துக் கூலியாளின் ஒருநாள் சம்பளம் ஒரு வெள்ளிப்பணம். 20ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அப்படியானால் இது நூறு நாள் உழைப்பு. யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். சரி, ஒரு தாலந்துக்குச் சுமார் 6,000 வெள்ளிப்பணம் என்று வைத்தால், ராஜா விட்டுக்கொடுத்தது 6 கோடி நாள் கூலி. 1.6 லட்சம் வருடச் சம்பளம்! (கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.) நூறு நாள் கூலியை இழந்தவனின் வலியை இயேசு மறைக்கவே இல்லை. அதன் பக்கத்தில் அந்தப் பெரிய பேரேட்டைத் திறந்து வைக்கிறார், அவ்வளவுதான்.

தொழில் தொடங்க என்னிடம் வாங்கிய பணத்தை என் தம்பி திருப்பித் தரவில்லை. பதினோரு வருடமாகப் பேச்சு கிடையாது. அவன் கணக்குக்கென்று நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தேன். வருடா வருடம் சிவப்பு மையில் வட்டி ஏற்றுவேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது. “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல” என்று ஜெபம் சொன்ன கையோடு அந்த நோட்டைத் திறந்த நாட்களும் உண்டு.

கட்டுரை வந்த அன்று ராத்திரி, கடைசிப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டேன். முழு மனசோடு என்று சொல்லமாட்டேன். கை கொஞ்சம் இழுத்தது. அப்புறம் போன் செய்தேன். நாலைந்து மணி அடித்த பிறகுதான் எடுத்தான். என் குரலைக் கேட்டதும் பதறிப்போய், “அண்ணே, வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு?” என்றான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர்